அப்பாவுக்கு எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்: விதை நீக்கும் ஆபரேஷனா, மூன்று மாத ஊசியா?

ஓடம்போக்கி எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு 72 வயது, திருவாரூர் பக்கம் விவசாயம். போன வருஷக் கடைசியிலிருந்து இடுப்பு வலி. எலும்புத் தேய்மானம் என்று பெல்ட்டும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வலது காலை ஊன்றி நடக்கவே சிரமப்பட்ட பிறகுதான் ஒரு டாக்டர் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார். 4-க்குள் இருக்க வேண்டியது 186 என்று வந்தது. பயாப்சியில் கிளீசன் 4+5, அதாவது வீரியமான வகை. போன் ஸ்கேனில் இடுப்பெலும்பு, முதுகெலும்பில் இரண்டு இடம், விலாவில் இரண்டு, வலது தொடை எலும்பு. நுரையீரல், கல்லீரலில் ஒன்றும் இல்லை. சர்க்கரை இருக்கிறது. 2019இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் போடுகிறார்.

ஒரு டாக்டர் இரண்டு விதைகளையும் எடுத்துவிடலாம், சின்ன ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர், அதெல்லாம் பழைய முறை, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் போதும் என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் தங்கை ஆபரேஷனே கூடாது என்று அழுகிறாள். மாமா, பணம் போனால் போகட்டும், ஆம்பளையை அப்படிச் செய்யலாமா என்கிறார். எதில் அப்பா அதிக நாள் இருப்பார்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அப்பாவிடம் இன்னும் "கட்டி" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம்.

நொய்யல் எழுதியது:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதுகெலும்பில் நோய் இருக்கிறது என்கிறீர்கள். கால் மரத்துப் போகிறதா, பலம் குறைகிறதா, சிறுநீர் அடைக்கிறதா, மலம் போவது தெரியாமல் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். என் பெரியப்பாவுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால் தடுமாறியது, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. கட்டி தண்டுவடத்தை அழுத்தியிருந்தது. கதிர்வீச்சு கொடுத்தும் பழைய நடை திரும்பவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள்.

ஓடம்போக்கி எழுதியது:

கேட்டேன் அண்ணா. மரத்துப்போதல் இல்லை. வலி தொடையில்தான். முதுகெலும்பு எம்ஆர்ஐ நாளைக்கு எழுதி வாங்கிவிடுகிறேன்.

சிறுநீரியல்_மருத்துவர் எழுதியது:

நொய்யல் சொன்னதுதான் முதல் வேலை. அடுத்து உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரிப்போர்ட்டுகளை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்து, இந்த நிலையில் பொதுவாக எப்படி யோசிப்போம் என்பதைச் சொல்கிறேன்.

இந்த நோய் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. உடம்பில் அந்த ஹார்மோன் 90 சதவீதத்துக்கு மேல் விதைகளில்தான் உற்பத்தியாகிறது, கொஞ்சம் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருகிறது. விதையை எடுத்தால் நோய் சுருங்குகிறது என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஊசிகள் 1980களில் வந்தவை. அவை மூளையிலிருந்து விதைக்குப் போகும் உத்தரவை நிறுத்திவிடுகின்றன. ஆகவே ஆபரேஷனும் ஊசியும் செய்து முடிப்பது ஒரே காரியம்தான். ஆயுளில் வித்தியாசம் இல்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2000த்திலேயே எழுதிவிட்டார்கள். "பழைய முறை" என்பதால் ஆபரேஷன் குறைந்த வைத்தியம் ஆகிவிடாது.

வேறுபாடு மற்ற விஷயங்களில் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். லூப்ரோலைடு, கோசெரெலின் போன்ற ஊசிகளில் மூன்று நான்கு வாரம் ஆகும். அதோடு முதல் ஓரிரு வாரம் ஹார்மோன் இறங்காமல் ஏறும். முதுகெலும்பில் கட்டி உள்ளவருக்கு அந்த ஏற்றம் ஆபத்து. அதனால்தான் ஊசிக்கு முன்பே, அந்த ஹார்மோன் வேலை செய்யாமல் தடுக்கும் பைக்காலுடமைடு மாத்திரை தொடங்கிச் சில வாரம் கொடுப்போம். ஊசி போடப்போகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள். டெகரெலிக்ஸ் என்ற மாத ஊசியில் அந்த ஏற்றம் கிடையாது, மூன்று நாளில் வேலை செய்துவிடும். முதல் முறை 240 மில்லிகிராம், பிறகு மாதம் 80. ஆனால் மாதாமாதம் போட வேண்டும், போட்ட இடம் சிவந்து வலிக்கும்.

ஊசிக்கு ஆதரவாக எல்லோரும் சொல்வது, வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்பது. உள்ளூர் நோய்க்குக் கதிர்வீச்சோடு இரண்டு மூன்று வருஷம் ஊசி போடுபவருக்கு அது பெரிய விஷயம். உங்கள் அப்பாவுக்கு அப்படி இல்லை. எலும்புக்குப் பரவிய பிறகு டெஸ்டோஸ்டிரோனை ஆயுள் முழுக்க அடக்கியே வைக்க வேண்டும். நாளைக்கு நோய் மருந்துக்கு அடங்காத நிலைக்குப் போனாலும் இந்த அடக்கத்தை விடமாட்டோம், மேலே வேறு மருந்து சேர்ப்போம். விட்டு விட்டு ஊசி போட்டால் என்ன என்று 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வு பார்த்தது. பரவிய நோயில் அது தொடர் வைத்தியத்துக்குச் சமம் என்று நிரூபிக்க முடியவில்லை.

ஆகவே "எதில் அதிக நாள்" என்ற கேள்வியை இந்த இரண்டுக்கும் நடுவில் தேடாதீர்கள். அதற்கான பதில் இதோடு சேர்க்கும் இரண்டாவது மருந்தில் இருக்கிறது. அதை உங்கள் இரண்டு டாக்டர்களில் யாராவது பேசினார்களா?

ஓடம்போக்கி எழுதியது:

இல்லை சார். ஆபரேஷன் முடிந்தால் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பொதிகைக்காற்று எழுதியது:

ஒரு சந்தேகம். புராஸ்டேட்டையே ரோபோ வைத்து எடுத்துவிட்டால் என்ன? என் நண்பருக்கு அப்படித்தான் செய்தார்கள், நன்றாக இருக்கிறார்.

சிறுநீரியல்_மருத்துவர் எழுதியது:

உங்கள் நண்பருக்கு நோய் புராஸ்டேட்டுக்குள் இருந்திருக்கும். எலும்பில் இத்தனை இடத்தில் இருக்கும்போது மூலச் சுரப்பியை அறுத்தெடுப்பதால் ஆயுள் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு கொடுப்பது வேறு. நோய்ச்சுமை குறைவாக, அதாவது பரவிய இடங்கள் குறைவாக உள்ளவர்களுக்கு அது உதவுகிறது என்று இங்கிலாந்தின் ஸ்டாம்பீட் ஆய்வு 2018இல் காட்டியது. மூன்று ஆண்டு முடிவில் கதிர்வீச்சு பெற்றவர்களில் 81 சதவீதம், பெறாதவர்களில் 73 சதவீதம் உயிரோடு இருந்தார்கள். சுமை அதிகம் உள்ளவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டால் வழியைச் சுரண்டித் திறந்துவிடும் டியூஆர்பி உண்டு. அது நிம்மதிக்காகச் செய்வது, நோய்க்கான வைத்தியம் ஆகாது.

ஓடம்போக்கி, இரண்டாவது மருந்தைப் பற்றி. நான்கு அல்லது அதற்கு மேல் எலும்புப் புள்ளிகள், அவற்றில் ஒன்றாவது முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் வெளியே இருந்தால் அதிகச் சுமை என்று கணக்கு. உங்கள் அப்பாவுக்கு விலாவும் தொடையும் இருப்பதால் அந்தக் கணக்கில் வருகிறார். இவர்களுக்கு ஹார்மோன் அடக்கம் மட்டும் போதாது என்பது 2015லிருந்து தெளிவாகிவிட்டது. டோசிடாக்செல் கீமோ மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை சேர்த்தபோது, சுமை அதிகமுள்ளவர்களின் சராசரி ஆயுள் 32 மாதத்திலிருந்து 49 மாதமாகக் கூடியது. அபிராடெரோன் மாத்திரையோடு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு சேர்த்த லாட்டிட்யூட் ஆய்வில் 36.5 மாதம் 53.3 மாதமானது. என்சலூடமைடு, அபலூடமைடு மாத்திரைகளுக்கும் 2019இல் நல்ல முடிவுகள் வந்தன. நல்ல தெம்புள்ளவர்களுக்குக் கீமோவும் மாத்திரையும் சேர்த்தே தருகிறார்கள்.

அப்பாவுக்கு சர்க்கரையும் ஸ்டென்டும் இருப்பதால் யோசிக்க வேண்டும். அபிராடெரோனுடன் வரும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், மருந்து ரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். என்சலூடமைடில் ஸ்டீராய்டு வேண்டாம், ஆனால் சோர்வு, தடுமாறி விழுதல், அபூர்வமாக வலிப்பு. இதை இதய மருத்துவரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொடிமல்லி எழுதியது:

நான் நோயாளியின் மனைவி. டாக்டர் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு முதலில் ஊசிதான் போட்டோம். வயிற்றுத் தோலில் சாய்த்துக் குத்தி ஒரு சின்னக் குச்சி மாதிரி மருந்தை உள்ளே வைப்பார்கள், ஊசி தடியாகவே இருக்கும். நாலு வருஷம் கழித்து அவரே ஆபரேஷனுக்குப் போகலாம் என்றார். காரணம் வலி இல்லை. ஊசித் தேதி நெருங்கும்போதெல்லாம் பணம் புரட்டுவதும், யார் கூட்டிப்போவது என்று பிள்ளைகள் போனில் பேசிக்கொள்வதும் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

பின்விளைவுகள் எனக்குத் தெரிந்து இரண்டிலும் ஒன்றுதான். நல்ல குளிரிலும் திடீரென்று கழுத்துக்கு மேல் கொதிக்கும். பனியன் நனைந்து, தலையணை உறை மாற்றுவோம். பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். தாம்பத்திய ஆசை போய்விடும், இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எதற்கும் கலங்காதவர் டிவியில் கல்யாணக் காட்சி வந்தால் அழுதார். நாங்கள் பயந்துபோனோம். மருந்தால் அப்படி வரலாம் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு பதறியிருக்க மாட்டோம். தசை கரையும், வயிறு போடும். காலையும் மாலையும் நடக்க வைத்தோம், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி பிசியோ சொல்லிக்கொடுத்தார். அதில் நல்ல வித்தியாசம் தெரிந்தது.

உங்கள் அம்மாவிடமும் பேசுங்கள். கூட இருக்கப்போவது அவர்தான்.

மருந்தாளுநர் எழுதியது:

ஊசியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, கவுண்டரில் நிற்பவனாக ஒரு வார்த்தை. மூன்று மாத ஊசி என்றால் மூன்று மாதம்தான். "அறுவடை முடியட்டும்", "பொங்கல் முடியட்டும்" என்று தள்ளினால் ஹார்மோன் மறுபடி தலைதூக்கும். சில பிராண்டுகளை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், சிலவற்றை வெளியிலேயே வைக்கலாம். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பொடியும் திரவமும் தனித்தனியாக வருவதைச் சரியாகக் கலக்காமல் போட்டால் முழு டோஸ் போகாது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் போடுவதாக இருந்தால், போடுபவருக்கு அந்த மருந்து பழக்கமா என்று கேட்பதில் தப்பே இல்லை. ஊசி ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள். டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும், 20க்குக் கீழ் போனால் இன்னும் நல்லது.

விலை பிராண்டுக்குப் பிராண்டு மாறும், அதனால் தொகை சொல்லவில்லை. அபிராடெரோனை இப்போது நிறைய இந்திய நிறுவனங்கள் தயாரிப்பதால் முன்னைக்கு எவ்வளவோ இறங்கியிருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. எந்தச் சிகிச்சை அதில் வருகிறது, எந்த ஆஸ்பத்திரியில் வருகிறது என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, எல்லோரும் உங்களிடம் பேசுகிறார்கள். நான் உங்கள் அப்பா பக்கமிருந்து பேசுகிறேன். எனக்கு அதே நோய், விதைகளை எடுத்தாகிவிட்டது.

முதுகில் மரப்பு ஊசி போட்டார்கள், ஆபரேஷன் நடக்கும்போது டாக்டரோடு பேசிக்கொண்டே இருந்தேன். விதைப்பையின் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு, தானே கரையும் தையல். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் வீக்கமும் கன்னிப்போன நிறமும் இருந்தது. பையைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போட்டேன். இடுப்பு வலி அந்த வாரத்திலேயே இறங்கியது, நானே நம்பவில்லை. விதையின் உறையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு, பை முழுக்கக் காலியாகத் தெரியாது. அதைக் கேட்டுச் செய்துகொண்டேன். வேட்டி கட்டிப் போனால் எவனுக்கும் ஒன்றும் தெரியாது.

ஆம்பளை, பொம்பளை பேச்செல்லாம் ஊசி போட்டாலும் அதே கதிதான் என்பது தெரியாதவர்கள் பேசுவது. ஊசியும் அதே ஹார்மோனைத்தான் நிறுத்துகிறது. அதற்காக மனசு வலிக்காது என்று சொல்லமாட்டேன், வலித்தது. ஆனால் முடிவை நான் எடுத்தேன். அதனால் யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. "கட்டி" என்று சொல்லி மேஜையில் படுக்க வைத்து, எழுந்தபின் அவர் கைவைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டால், அதற்கப்புறம் நீங்கள் கொடுக்கும் ஒரு மாத்திரையையும் அவர் நம்பமாட்டார். உங்கள் தங்கை, மாமா, நீங்கள், யார் ஓட்டும் இதில் செல்லாது. அவரிடம் சொல்லுங்கள்.

ஓடம்போக்கி எழுதியது:

ஐயா, எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. புற்றுநோய் என்று கேட்டாலே உடைந்துவிடுவார் என்று அம்மா பயப்படுகிறார்.

சிறுநீரியல்_மருத்துவர் எழுதியது:

வைகைக்கரை ஐயா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நோயாளி சுயநினைவோடு இருக்கும்போது, என்ன எடுக்கப்போகிறோம் என்று அவருக்கே சொல்லாமல் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது.

எப்படிச் சொல்வது என்றால், அவருக்கு என்ன தெரியும் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் பாதி ஊகித்திருப்பார்கள். பிறகு, "புராஸ்டேட்டில் புற்றுநோய், எலும்புக்குப் போயிருக்கிறது, முழுசாகத் துடைத்தெடுக்க முடியாது, ஆனால் வருஷக்கணக்கில் அடக்கி வைக்க மருந்து இருக்கிறது, வலியும் குறையும்" என்று அவர் பேச்சிலேயே சொல்லுங்கள். இது முழுக்க உண்மை. உங்களால் முடியாவிட்டால் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

தங்கைக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவில் 66 வயதுக்கு மேற்பட்ட, பரவிய நோய் உள்ள 3,295 பேரின் பதிவுகளை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு எலும்பு முறிவும், கால் ரத்தக்குழாய் அடைப்பும், இதயச் சிக்கலும் ஊசிக்காரர்களைவிடக் குறைவாக இருந்தன. இது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு இல்லை, அதனால் ஆபரேஷன்தான் இதயத்துக்கு நல்லது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆபரேஷன் கொடுமையான வைத்தியம் என்ற பயத்தைத் தணிக்க அது போதும்.

ஓடம்போக்கி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எம்ஆர்ஐயில் தண்டுவடத்தில் அழுத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிட்டோம். "ஸ்கேன் எடுத்த பையன் முகத்தைப் பார்த்தப்பவே தெரியும்" என்றார். அம்மாதான் அழுதார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டது, ஊசி ஒரு தவணை தவறினால் என்ன ஆகும், ஆபரேஷன் என்றால் எத்தனை நாள் வரப்பில் நடக்கக் கூடாது, இரண்டுதான். மாமா பேச வாயெடுத்தபோது, "உடம்பு என்னது மாப்ளே" என்று நிறுத்திவிட்டார். ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார். உறையை விட்டுவிடும் முறையையும் அவரே டாக்டரிடம் கேட்டார்.

தங்கையிடம் அப்பாவே வீடியோ காலில் பேசினார். அவளுக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை, ஆனால் அபிராடெரோன் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். இதய டாக்டர் எக்கோ பார்த்து, குளோபிடோக்ரலை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பிரின் தொடரலாம் என்றார். புற்றுநோய் டாக்டர் கீமோ வேண்டாம், அபிராடெரோன் போதும், சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்வோம் என்கிறார். 1000 மில்லிகிராமுக்குப் பதில் 250 மில்லிகிராமைச் சாப்பாட்டோடு கொடுக்கலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. அது சரியா?

சிறுநீரியல்_மருத்துவர் எழுதியது:

அப்படி ஒரு வழி உண்டு. அந்த மருந்தை வெறும் வயிற்றில் போடுவதுதான் வழக்கம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டு, அடுத்த ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது. உணவோடு போட்டால், அதுவும் கொழுப்புள்ள உணவோடு போட்டால், உடம்பு பல மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். அதைப் பயன்படுத்தி, குறைந்த கொழுப்புள்ள காலை உணவோடு 250 கொடுத்தால் பிஎஸ்ஏ அதே அளவு இறங்குகிறது என்று 72 பேரை வைத்த ஆய்வு 2018இல் வந்தது. மாதம் 120 மாத்திரை வாங்க வேண்டிய இடத்தில் 30 போதும். ஆனால் அது சின்ன ஆய்வு, ஆயுளை அளந்து பார்க்கவில்லை. செலவு தாங்காமல் நடுவில் நிறுத்திவிடுவார் என்றால் 250 நல்ல வழி. தாங்கும் என்றால் முழு டோஸ். எந்த முறை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதிலேயே நில்லுங்கள். 1000 எழுதியிருக்கும்போது சாப்பாட்டோடு போட்டுவிடக் கூடாது.

முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கல்லீரல் பரிசோதனை, பொட்டாசியம், ரத்த அழுத்தம். நாட்டு மருந்து, லேகியம் எது கொடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், கல்லீரல் எண்கள் ஏறினால் எதனால் என்று தெரியாமல் போகும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று, கால்சியம், வைட்டமின் டி. பின்னாளில் எலும்பைக் காக்கும் சோலெட்ரோனிக் அமில ஊசி போட நேரலாம், அதற்கு முன் ஆட்டம் காணும் பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். தொடை எலும்பில் நோய் இருப்பதால் எலும்பு முறியும் நிலையில் இருக்கிறதா என்று ஆர்த்தோ டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே பார்க்கட்டும். அதுவரை மூட்டை தூக்குவது, வழுக்கும் வரப்பில் நடப்பது வேண்டாம்.

ஏழாம் மாதத்துப் பிஎஸ்ஏயைக் கவனியுங்கள். 0.2க்குக் கீழ் வந்தவர்கள் நீண்ட நாள் நன்றாக இருக்கிறார்கள், 4க்கு மேலேயே நிற்பவர்களுக்கு வைத்தியத்தைச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று யாரும் காணாமல் போகாதீர்கள். என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் அப்படிப் போய், இரண்டு வருஷம் கழித்து வலியோடு திரும்பி வருகிறார்கள்.

மருந்தாளுநர் எழுதியது:

கடைசியாக ஒன்று, இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை ஏறுகிறது என்று அபிராடெரோனோடு தரும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அபிராடெரோன் போடும்வரை அதுவும் கூடவே போக வேண்டும். சர்க்கரைக்கு மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே சீட்டோடு வந்துவிடுங்கள், எல்லாக் கடையிலும் இருப்பு வைத்திருக்க மாட்டார்கள்.